பாகங்களின் பெயர் தெரிந்தால் போதுமா?

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரையிலும், பின்னர் அங்கிருந்து தெற்கே பிரிந்து வல்லம், ஒரகடம் வரையிலும் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து நிற்பதைப் பேருந்திலிருந்து பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 2007-ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கணிப்பொறித் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. ஆதலால் இப்பகுதி மாணவர்களுக்கு மேசைக் கணிப்பொறி எங்கோ கடல் கடந்து வரும் அதிசயப் பொருளன்று. ஷிஃப்ட் பேருந்தில் போய்வரும் அண்ணனோ அக்காளோ கையால் பூட்டி அனுப்பும் பொருள்.

அவ்வாறு பூட்டி அனுப்பப்பட்ட கணிப்பொறி ஒன்று, அதே வட்டாரத்திலுள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்கூடத்தின் ஸ்டோர்ஸ் அறைக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முன் அமர்பவர் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர். வந்த சரக்கின் டெலிவரி சலானைப் பார்த்துப் பாக எண்ணை ஓர் அட்டவணையில் ஏற்றுகிறார். அதே எண்ணை மற்றொரு படிவத்தில் மறுபடியும் ஏற்றுகிறார். சென்ற வாரத்து இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து மூடித் தேடுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளர், “தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது” என்று முடிவு கட்டிவிடுகிறார். இப்படிச் சொல்லப்பட்ட மாணவர்கள் என்னிடம் படித்தவர்களிலேயே உண்டு. குறை அவர்களுடைய மொழியில் இல்லை என்பதும், அவர்கள் கற்ற பாடத்தில்தான் இருக்கிறது என்பதும் என் கருத்து. ஆகவே அப்பாடத்தைச் சற்றுக் கறாராக ஆராய்வோம்.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2018-இல் புதிய பாடத்திட்டத்தின்படி வெளிவந்தது. அதில் இயக்க அமைப்பைப் பற்றிய பகுதி உண்டு. கணிப்பொறியின் வன்பொருளையும் அதில் ஓடும் நிரல்களையும் கட்டி மேய்க்கும் அடிப்படை நிரலே இயக்க அமைப்பு. விண்டோஸ், லினக்ஸ் என்பன அதன் வகைகள். இந்நூலின் சிறப்பு ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். விண்டோஸை மட்டும் காட்டி நிறுத்தாமல், உபுண்டு என்னும் லினக்ஸ் வகையையும் பக்கத்திலேயே வைத்துக் காட்டுகிறது. அரசுப் பாடநூல் ஒரு தனி நிறுவனத்துச் சரக்கின் கையேடாகிவிடக் கூடாது என்னும் எண்ணம் பாராட்டுக்குரியது. தமிழில் தெளிவாக எழுதப்பட்டிருப்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் பாடம் எதைச் சொல்லித் தருகிறது? சுட்டியால் செய்யக்கூடிய செயல்கள், சாளரத்தின் பாகங்கள், கோப்புறையை உருவாக்குவது, பெயர் மாற்றுவது, நீக்குவது, நீக்கியதை மீட்பது. உபுண்டு பகுதிக்கு வந்தால், திரையின் இடப்பக்கத்தில் வரிசையாக நிற்கும் குறும்படங்கள் ஒவ்வொன்றும் எதற்கு என்னும் விளக்கம். எல்லாம் சரியான செய்திகளே. எனினும் அனைத்தும் பாகங்களின் பெயர்கள். வெர்னியர் அளவியின் முதன்மைக் கோல், துணைக்கோல், தாடைகள் என்று எல்லாப் பாகங்களையும் படம் வரைந்து குறிக்கச் சொல்லிவிட்டு, ஒரு தகட்டின் தடிமனைக்கூட அளக்கச் சொல்லாமல் மாணவனை ஆய்வகத்திலிருந்து வெளியே அனுப்பினால் எப்படியிருக்கும்? இயற்பியல் ஆசிரியர் எவரும் அதை ஒப்பமாட்டார். இயக்க அமைப்புப் பாடத்தில் மட்டும் இதை நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

படங்களோ ஒரு குறிப்பிட்ட காலத்துப் பதிப்பைச் சார்ந்தவை. பதிப்புகள் நிலைப்பதில்லை. விண்டோஸ் 7-க்கான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் நிறுத்தியது. பெயர்களையும் படங்களையும் மட்டும் கற்ற மாணவனுக்குப் பொத்தான் இடம் மாறிய அன்றே பாடம் பழையதாகிவிடும். வேலையைக் கற்றவனுக்கு அவ்வாறு ஆவதில்லை.

வேலை என்றால் என்ன என்று கேட்கலாம். இதற்கு விடை இப்பகுதித் தொழிற்சாலைகளிலேயே இருக்கிறது. உற்பத்தி வரிசையில் ‘டாக்ட் நேரம்’ என்று ஒன்றைக் கணக்கிடுவார்கள். ஒரு ஷிஃப்டில் வேலைக்குக் கிடைக்கும் நேரத்தை, செய்து முடிக்க வேண்டிய பொருள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. 450 நிமிடங்களில் 450 வண்டிகள் வேண்டுமென்றால், ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு நிமிடத்திற்குள் வேலை முடிந்தாக வேண்டும். திருப்புளி எட்டும் தூரத்தில் இருக்கிறதா, தொழிலாளி எத்தனை முறை குனிகிறார் என்பதெல்லாம் நொடிக் கணக்கில் ஆராயப்படும். ‘ஃபைவ் எஸ்’ என்னும் ஜப்பானிய ஒழுங்கு முறையின் விதிகள் சுவரில் தொங்கும்: வேண்டியதை வேண்டாததிலிருந்து பிரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வை என்பன போல. ஆனால் அதே வளாகத்தின் அலுவலக அறைக்குள் நுழைந்து கணிப்பொறித் திரையைப் பாருங்கள். ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’, ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்று குறும்படங்கள் ஈயாய் மொய்த்துக் கிடக்கும். திருப்புளிக்குள்ள மரியாதை கோப்புக்கு இல்லை.

மேசை வேலையையும் நொடிக் கணக்கில் அளக்க முடியுமா? முடியும் என்று 1980-இலேயே காட்டினார்கள். ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்னும் மூவர், கணிப்பொறி முன் அமர்ந்தவரின் வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்தார்கள். ஒரு விசையை அழுத்துவதற்கு, சாதாரணமாகத் தட்டச்சு செய்பவருக்கு 0.28 நொடி. சுட்டியால் திரையில் ஓர் இடத்தைக் குறிவைப்பதற்குச் சராசரியாக 1.1 நொடி. சுட்டியின் பொத்தானை அழுத்தி விடுவதற்கு 0.2 நொடி. விசைப்பலகையிலிருந்து சுட்டிக்கோ, சுட்டியிலிருந்து விசைப்பலகைக்கோ கையை மாற்றுவதற்கு 0.4 நொடி. அடுத்து என்ன செய்வது என்று மனத்தில் எண்ணிக்கொள்வதற்கு 1.35 நொடி. இவை சராசரிகளே, ஆளுக்கு ஆள் மாறும். ஆயினும் இரண்டு வழிமுறைகளை ஒப்பிட இவை போதும்.

நம் ஸ்டோர்ஸ் நண்பர் ஓர் அட்டவணையில் தேர்ந்தெடுத்த பாக எண்ணைப் படியெடுத்து, மற்றொரு சாளரத்திலுள்ள படிவத்தில் ஒட்டிவிட்டுத் திரும்புகிறார். சுட்டியை மட்டும் நம்பினால், வலப் பொத்தானை அழுத்தி, படியெடுக்கும் கட்டளையைக் குறிவைத்து, அடுத்த சாளரத்தைக் குறிவைத்து, ஒட்ட வேண்டிய இடத்தைக் குறிவைத்து, ஒட்டும் கட்டளையைக் குறிவைத்து, மறுபடி முதற் சாளரத்தைக் குறிவைக்க வேண்டும். ஐந்து குறிவைப்புகள், ஆறு அழுத்தங்கள், கூட்டினால் 6.7 நொடி. விசைகளைக் கொண்டால், கன்ட்ரோல்–சி, ஆல்ட்–டேப், கன்ட்ரோல்–வி, மீண்டும் ஆல்ட்–டேப், இடையில் கட்டத்தை மாற்ற ஓர் அம்புக்குறி விசை; ஆக ஒன்பது விசைகள், 2.52 நொடி. கையைச் சுட்டியிலிருந்து எடுத்து மீண்டும் அங்கே கொண்டுபோக 0.8 நொடியைச் சேர்த்தால் 3.32 நொடி. ஒரு முறைக்கு மிச்சம் ஏறக்குறைய மூன்றரை நொடி. நாளொன்றுக்கு 200 முறை என்றால் சுமார் 11 நிமிடம்.

பதினொரு நிமிடம் பெரிதா என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, இதற்குப் பின்னர் வருகிறேன். முதலில், சுட்டிக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இதில் அழகான ஓர் உண்மை இருக்கிறது. பால் ஃபிட்ஸ் என்னும் உளவியலாளர் 1954-இல் கண்ட விதியின்படி, ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், தூரத்தை இலக்கின் அகலத்தால் வகுத்து வரும் எண்ணின் மடக்கையைப் பொறுத்தது. மடக்கை என்பதால், தூரத்தை இரு மடங்காக்கினால் நேரம் இரு மடங்காவதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவு மட்டும் கூடுகிறது. அகலம் குறைந்தாலும் அப்படியே. திரையின் மூலைக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு. சுட்டி முனை திரையைத் தாண்டிப் போக முடியாதாகையால், மூலையிலுள்ள பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக இடித்தாலும் அங்கேயே நிற்கும். அதாவது அதன் அகலம் முடிவிலிக்கு ஒப்பானது! விண்டோஸின் தொடக்கப் பொத்தான் நெடுங்காலம் இடப்பக்க மூலையில் இருந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 அதைத் திரையின் கீழ் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்துவிட்டது. பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஃபிட்ஸ் விதியின்படி இது பின்னடைவு. அமைப்புகளில் அதை மீண்டும் மூலைக்கு மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

சுட்டியைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பர்ட்டே அதை மட்டும் நம்பவில்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் நடத்திய புகழ்பெற்ற செயல்விளக்கத்தில் வலக்கையில் சுட்டி இருந்தது. இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட சிறு விசைத்தொகுதி இருந்தது. வலக்கை இடத்தைக் காட்டும், இடக்கை கட்டளையிடும். உலகம் சுட்டியை எடுத்துக்கொண்டு அந்த ஐந்து விசைகளை விட்டுவிட்டது. இன்று இடக்கையின் சுண்டுவிரல் கன்ட்ரோல் விசையில் நிற்க, மற்ற விரல்கள் சி, வி, எக்ஸ், இசட் ஆகியவற்றைத் தட்டுவது அந்த இழந்த கைக்கு ஒருவகை ஈடு எனலாம். வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்னும் முறையை ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களில் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணிப்பொறி வழியாக 1983-இல் அந்த நான்கு எழுத்துகளும் நிலைபெற்றன. நான்கும் விசைப்பலகையின் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

இவ்வளவும் சொன்னபின், எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும். ஆப்பிளில் பணியாற்றிய புரூஸ் டொக்னாசினி, விசைகளே விரைவானவை என்று பயன்படுத்துவோர் நினைத்தாலும் நிறுத்தக் கடிகாரம் சுட்டியின் பக்கமே பேசுகிறது என்று 1989-இல் எழுதினார். ‘எந்த விசை?’ என்று நினைவுகூரும் நேரத்தை நாம் உணர்வதில்லை என்பது அவர் வாதம். இது முழுவதும் பொய்யன்று. மேலே சொன்ன 1.35 நொடியை நினைத்துப் பாருங்கள். மறந்துபோன குறுக்குவிசையைத் தேடினால் அது 5 நொடியாகவும் ஆகும். ஆதலால் நாள்தோறும் நூறு முறை செய்யும் செயலுக்கு விசை. மாதம் ஒரு முறை செய்வதற்குச் சுட்டி. ‘நூறு குறுக்குவிசைகள்’ என்று பட்டியல் அச்சடித்துச் சில பயிற்சி நிலையங்கள் தருகின்றனவே, அவற்றை நான் ஒப்புக்கொள்வதில்லை. சாளரத்தின் பாகங்களை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக விசைகளை மனப்பாடம் செய்வது முன்னேற்றமாகாது. பத்துப் பன்னிரண்டு விசைகள் போதும். அவை எவை என்பதை உங்கள் வேலையே தேர்ந்தெடுக்கும்.

இனி அந்தப் பதினொரு நிமிடம். நொடிகளை விட முக்கியமானது பிழை. பாக எண் என்பது எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட கோவை. அதைக் கண்ணால் பார்த்துக் கையால் மீண்டும் அடித்தால், 6 என்பது 9 ஆகலாம். பூஜ்யம் ‘ஓ’ ஆகலாம். இயக்க அமைப்பு படியெடுத்தால் அவ்வாறு ஆகாது. ஓர் இலக்கம் மாறியதால் இடப்பக்கக் கதவின் பாகத்திற்குப் பதிலாக வலப்பக்கப் பாகம் உற்பத்தி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால் நேரும் நட்டத்தின் முன் பதினொரு நிமிடம் தூசு. எனவே, கணிப்பொறிக்குள் ஒருமுறை ஏறிய செய்தியை மறுபடி கையால் அடிக்காதே என்பதே மாணவனுக்கு முதற்பாடமாக இருக்க வேண்டும். குறுக்குவிசை அதற்குப் பின்னர்தான்.

இவ்விடத்தில் இயக்க அமைப்பைச் செய்தவர்களையும் குறை சொல்லத்தான் வேண்டும். படியெடுத்ததை வைத்திருக்கும் தற்காலிகத் தட்டில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடம் என்று விண்டோஸ் நெடுங்காலம் வைத்திருந்தது. இரண்டாவதைப் படியெடுத்தால் முதலாவது போய்விடும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில்தான் இது மாறிற்று. இன்று விண்டோஸ் விசையுடன் ‘வி’யை அழுத்தினால், கடைசியாகப் படியெடுத்த 25 பொருள்கள் வரை பட்டியலாக வரும், வேண்டியதைத் தேர்ந்து ஒட்டலாம். முதன்முறை அழுத்தும்போது இவ்வசதியை இயக்கவா என்று அது கேட்கும். அதற்குமுன் தானாக எங்கும் தலைகாட்டுவதில்லை. சலானிலுள்ள எண், அளவு, தேதி மூன்றையும் ஒரே மூச்சில் படியெடுத்து வந்து படிவத்தில் வரிசையாக ஒட்ட இதைவிட எளிய வழி இல்லை. நல்ல கருவியைச் செய்து பரணில் ஏற்றி வைப்பது என்ன வழக்கமோ! கடவுச்சொற்களைப் படியெடுப்பவர்கள் மட்டும், அவையும் இப்பட்டியலில் தங்கும் என்பதை மறக்க வேண்டாம். பொது அலுவலகக் கணிப்பொறியில் பட்டியலை அவ்வப்போது துடைத்துவிடுவது நல்லது.

பல மேசைத்திரைகள் என்னும் வசதியின் கதையும் இத்தகையதே. ஒரு திரையில் சரக்கு வரவு, மற்றொன்றில் ஆய்வறிக்கை என்று வேலைகளைத் தனித்தனி அறைகளாகப் பிரித்துவைக்கும் கருத்தை ஹெண்டர்சனும், முன்னர்க் கண்ட அதே கார்டும் 1986-இலேயே செய்து காட்டினார்கள். லினக்ஸில் இது பழைய செய்தி. விண்டோஸில் உள்ளமைந்த வசதியாக வந்தது 2015-இல்.

தேடுதலுக்கு வருவோம். தமிழ் வாசகர்களுக்கு இது தனிச் சிக்கல். கோப்பு எங்கே இருக்கிறது என்று நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியதே இல்லை. பெயரின் ஒரு பகுதி தெரிந்தால் இயக்க அமைப்பு தேடித் தரும். ஆனால் பல அலுவலகங்களில் பழைய தமிழ்க் கோப்புகளை அது கண்டுபிடிப்பதில்லை. “தமிழில் தேட முடியாது” என்று சொல்லிவிடுகிறார்கள். காரணம் வேறு. பழைய எழுத்துருக்களில், திரையில் தமிழ் எழுத்து தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது வேறு எழுத்தின் குறியெண். எழுத்துரு என்னும் வேடம்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. நாம் ‘தங்கம்’ என்று தேடினால், உள்ளே ‘தங்கம்’ இல்லை! யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் சொந்தக் குறியெண் உண்டு. அதில் அடித்தால் கோப்பின் பெயரையே தமிழில் வைக்கலாம், தேடினால் கிடைக்கும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. பழைய கோப்புகளை யூனிகோடாக மாற்றித் தரும் நிரல்களும் உள்ளன. பாடநூல் இந்த ஒரு செய்திக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தால், சாளரத்தின் பாகங்களுக்கு ஒதுக்கியதைவிட ஆயிரம் மடங்கு பயனாகியிருக்கும்.

தமிழில் அடிப்பது மெதுவானது என்னும் எண்ணமும் ஆராயத் தக்கது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் உள்ளன. தமிழின் ஒலியியல்பை அறிந்து, புள்ளியைத் தானே வைத்துக்கொள்கிறது: ‘ங’வை அடுத்துக் ‘க’ வந்தால் ‘ங்க’ என்று ஆகிவிடும். ‘தங்கம்’ என்னும் சொல்லுக்கு அதில் ஐந்து விசைகள். இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ‘இன்ஸ்கிரிப்ட்’ முறையில், ஷிஃப்ட் விசையையும் சேர்த்து ஏழு. மேலே சொன்ன 0.28 நொடியால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். முன்பு இதற்குத் தனி நிரல் ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. விண்டோஸின் அண்மைப் பதிப்புகளில் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்தால் போதும். லினக்ஸிலும் கிடைக்கிறது.

கோப்பின் பெயரைப் பற்றி ஒரு சொல். தேதியை 07-03-2025 என்று எழுதினால், பெயர் வரிசையில் அடுக்கும்போது எல்லா மாதங்களின் ஏழாம் தேதிகளும் ஒன்றாய் வந்து குழம்பும். 2025-03-07 என்று ஆண்டை முன்னே வைத்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். இதற்கு எந்த நிரலும் வேண்டாம், எந்த மொழியறிவும் வேண்டாம். ‘ஃபைவ் எஸ்’ விதியைக் கோப்புக்குப் பொருத்தினால் இவ்வளவுதான்.

என் பெரிய மனக்குறை உபுண்டு பகுதியைப் பற்றியது. லினக்ஸின் மூதாதையான யூனிக்ஸில், டக்ளஸ் மக்கில்ராயின் யோசனையை ஏற்றுக் கென் தாம்ப்ஸன் 1973-இல் ‘குழாய்’ என்னும் அமைப்பைச் செய்தார். ஒரு சிறு நிரலின் விளைவு, குழாய் வழியே அடுத்த நிரலுக்கு மூலப்பொருளாகப் போகும். உற்பத்தி வரிசையில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்குப் பாகம் நகர்வது போலவே இது. முதல் நிரல் ஓர் ஆண்டின் ஆய்வறிக்கைகளில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்னும் சொல் உள்ள வரிகளை மட்டும் பொறுக்குகிறது. இரண்டாவது அவற்றைப் பாக எண் வாரியாக அடுக்குகிறது. மூன்றாவது ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணுகிறது. அறிக்கைகள் எளிய எழுத்துக் கோப்புகளாக இருந்தால், ஒரு முழு நாள் கையால் எண்ணிச் செய்யும் கணக்கு ஒரே வரிக் கட்டளையில் முடிகிறது. ஒரகடத்து மாணவனுக்கு, தன் வீட்டருகே ஓடும் அசெம்பிளி வரிசையைக் காட்டியே இதைப் புரியவைக்கலாம். பாடநூலோ உபுண்டுவை விண்டோஸ் போலவே தோற்றமளிக்கும் மற்றொரு திரையாகக் காட்டி, குறும்படங்களை எண்ணிவிட்டு முடித்துக்கொள்கிறது. ‘இது எதற்கு, விண்டோஸே போதுமே’ என்று மாணவன் நினைத்தால் அவன் மீது தவறில்லை.

குறித்த நேரத்தில் தானே வேலையைத் தொடங்கும் வசதியும் இரு அமைப்புகளிலும் உண்டு. யூனிக்ஸில் அது ‘கிரான்’ என்னும் பெயரில் 1970-களிலேயே இருந்தது. விண்டோஸில் ‘டாஸ்க் ஷெட்யூலர்’. ஷிஃப்ட் முடிந்தபின் அன்றைய கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்துவைக்க ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். வட்டு பழுதாகி ஓராண்டுக் கணக்கும் போய்விட்டது என்னும் புலம்பலைக் கேட்காத அலுவலகம் அரிது. அதைத் தடுக்கும் கருவி, விலை ஏதும் இன்றி, அதே பெட்டிக்குள் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருக்கிறது.

இவ்வாறு மிச்சமாகும் நேரம் யாருக்கு? அசைவுகளை நொடியாகப் பிரிக்கும் இக்கலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் தொழிலாளரின் கையசைவுகளை ஆராய்ந்ததிலிருந்து வளர்ந்தது. உற்பத்தி வரிசையில் மிச்சமாகும் நொடி பெரும்பாலும் முதலாளிக்கே போய்ச் சேரும் என்பதை ஒரகடத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேசையிலும் பதினொரு நிமிடத்தை மிச்சம் பிடித்தவருக்குப் பன்னிரண்டு நிமிட வேலையைக் கூடுதலாகத் தருபவர்கள் உண்டு. இருந்தும், இத்திறனுக்கு வேறு ஒரு பயன் இருக்கிறது. விடுதியில் தங்கி மின்னணு ஆலையின் வரிசையில் நின்று வேலை செய்யும் ஒரு பெண், அங்கிருந்து ஸ்டோர்ஸுக்கோ தரக்கட்டுப்பாட்டு அறைக்கோ மாற விரும்பினால், அவளிடம் கேட்கப்படும் முதற் கேள்வி “கம்ப்யூட்டர் தெரியுமா?” என்பதே. சாளரத்தின் பாகங்களைச் சொன்னால் அந்த வேலை கிடைக்காது. 2011 முதல் பல ஆண்டுகள் அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையின்றி மடிக்கணிப்பொறிகளை வழங்கியது. கருவி வீடுவரை வந்தது. அதைக்கொண்டு செய்யும் வேலையைக் கற்பிக்கும் பாடம் அதனுடன் வரவில்லை.

அடுத்த பதிப்பைத் திருத்துவோர், சாளரப் பாகங்களின் படத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு செய்முறைப் பயிற்சி ஒன்றைச் சேர்க்கலாம். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியிலோ வீட்டிலோ இப்போதே செய்து பார்க்கலாம். ஒரு கோப்புறையில் முப்பது கோப்புகளைத் தாறுமாறான பெயர்களில் போட்டுவையுங்கள். நண்பர் ஒருவர் நிறுத்தக் கடிகாரத்துடன் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தேதி முன்னே வரும்படி பெயர் மாற்றுங்கள்: முதல் பதினைந்தைச் சுட்டியால், அடுத்த பதினைந்தை எஃப்2 விசையால். பின்பு, பத்து இலக்கப் பாக எண்கள் இருபதை ஓர் அட்டவணையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுங்கள்: முதலில் பார்த்து அடித்து, அடுத்து ஒவ்வொன்றாகப் படியெடுத்து, கடைசியாக இருபதையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்துப் படியெடுத்து. நேரத்தை ஒரு நிரலிலும் பிழைகளை மற்றொரு நிரலிலும் குறியுங்கள். ஒரு வாரம் கழித்து, அதே கணிப்பொறியில், அதே நண்பரை வைத்துக்கொண்டு மறுபடியும் அளந்து பாருங்கள்.